நாலு இடத்து மாத்திரை

"வேற ஏதாவது மாத்திரை சாப்பிடுறீங்களா?" என்று கேட்டால் எங்கள் பக்கத்தில் பெரும்பாலும் "இல்ல" என்றுதான் பதில் வரும். யாரும் பொய் சொல்வதில்லை. ஜெலுசிலை யாரும் மாத்திரைக் கணக்கில் சேர்ப்பதில்லை. கால்சியம் சத்து மாத்திரை. இரும்புச்சத்து 'ரத்தத்துக்குக் குடுத்தது'. மூட்டு வலிக்கு எப்போதாவது போடுவது வலி மாத்திரை, அது தினமும் சாப்பிடுவது இல்லையே. லேகியமும் பற்பமும் நாட்டு மருந்து. இவ்வளவும் போக, பெரிய ஆஸ்பத்திரியில் நோய்க்கென்று கொடுப்பது மட்டும்தான் மாத்திரை. தண்டையார்பேட்டையில் ஒரு மெடிக்கலில் மருந்தாளுநராக வேலை பார்க்கிறேன். இந்த 'இல்ல' தினமும் காதில் விழுகிறது. சாதாரண காய்ச்சலுக்கு வந்தவர் சொன்னால் அனேகமாகப் பாதகமில்லை. எச்.ஐ.வி.க்குக் கூட்டு மருந்து சாப்பிடுகிறவர் சொல்லும்போதுதான் எனக்கு மனது அடித்துக்கொள்கிறது.

கூட்டு மருந்து பற்றி நாம் ஊருக்குச் சொல்லிவைத்திருப்பது ஒரே ஒரு விஷயம்: ஒரு நாளும் விடாதே, தினமும் ஒரே நேரத்தில் போடு. அது சரியான அறிவுரை, அதில் எனக்கு மாற்றுக் கருத்து கிடையாது. மருந்தை விட்டு விட்டுச் சாப்பிட்டால் ரத்தத்தில் அளவு இறங்கி, வைரஸ் அரைகுறை மருந்தோடு பழகி, எதிர்ப்புத் திறனை வளர்த்துக்கொள்ளும். ஆனால் நேரம் தவறாமல் போட்ட மாத்திரை உடம்பில் சேராமலே போகவும் வழி இருக்கிறது. அதைச் சொல்கிற சுவரொட்டியை நான் எங்கேயும் பார்த்ததில்லை. ரொம்ப நாளாக மனதுக்குள் உறுத்திக்கொண்டிருந்த இந்த விஷயத்தை எழுதியே ஆக வேண்டும் என்று ஆக்கியது ஒரு அக்காவின் கைப்பை. அவருடைய சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். அவரை அடையாளம் காட்டக்கூடிய சிலவற்றை மாற்றியிருக்கிறேன்.

பெயர் சுரண்டிய டப்பா

பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் ஒரு துணிக்கடையில் அக்காவுக்கு வேலை. வாடிக்கையாளர் பிரித்துப் போட்ட புடவைகளை நாளெல்லாம் நின்றபடி மடித்து வைக்க வேண்டும். வேலை முடிந்து, ஷேர் ஆட்டோ பிடித்து வந்து இறங்கும்போது ராத்திரி பத்தாகிவிடும். அன்றைக்கு எங்கள் கடைக்குள் வந்தவர், எனக்கு முன்னால் நின்ற இரண்டு பேரும் போகும்வரை இருமல் மருந்து அடுக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர்கள் படியிறங்கியதும் பையைத் திறந்து ஒரு வெள்ளை பிளாஸ்டிக் டப்பாவை எடுத்து, மேசைமேல் வைக்காமல் கைக்குள்ளேயே பிடித்தபடி காட்டினார்.

டப்பாவில் லேபிள் இல்லை. நகத்தால் சுரண்டியிருக்கிறார். காகிதம் போன இடத்தில் பசை மிச்சம் நின்று, அதில் புடவைப் பஞ்சும் தூசியும் ஒட்டிக் கறுத்திருந்தது. மூடியைத் திறந்தால் மேலே பஞ்சு திணித்திருந்தது. ஆட்டோ குலுங்கும்போது மாத்திரை கலகலவென்று சத்தம் போடாமலிருக்க.

"இது என்னான்னு உனக்குத் தெரியுமா பாப்பா?"

"தெரியும்க்கா."

என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். நான் முகம் சுளிக்கவில்லை என்று உறுதியான பிறகுதான் பேச ஆரம்பித்தார். ராயபுரம் ஸ்டான்லி ஆஸ்பத்திரியிலேயே ஏ.ஆர்.டி. மையம், அதாவது கூட்டு மருந்து கொடுக்கும் மையம் இருக்கிறது, தெருவிலிருந்து எட்டிவிடும் தூரம். தெரிந்த முகம் யாராவது பார்த்துவிடுவார்களோ என்று அக்கா அங்கே போகாமல் பக்கத்து மாவட்டத்தில் ஒரு மையத்துக்குப் போய் வருகிறார். கணவர் போய்ப் பல வருஷமாகிறது. மகனுக்கு விஷயம் தெரியும், மருமகளுக்குத் தெரியாது. ரத்தத்தில் வைரஸ் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க வருஷா வருஷம் எடுக்கும் வைரல் லோடு பரிசோதனையில் இந்த முறை 1000க்கு மேல் வந்துவிட்டது. அங்கே ஒருவர் "மாத்திரைய ஒழுங்காப் போடலேன்னா இப்படித்தான் ஆகும்" என்று சொல்லியிருக்கிறார். மூன்று மாதம் தொடர்ந்து ஆலோசனை, அதற்குப் பிறகு மறு பரிசோதனை, அப்போதும் இறங்கவில்லை என்றால் மருந்தை மாற்ற வேண்டியிருக்கும் என்றும் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். நடைமுறை அதுதான், அதில் தப்பில்லை. ஆனால் "ஒரு நாளும் விட்டதில்ல பாப்பா, சத்தியமா" என்று அக்கா சொன்னதை யாரும் நம்பவில்லை. டப்பாவில் மிச்சமிருந்த மாத்திரையை எண்ணிப் பார்த்தும் கணக்குச் சரியாகவே இருந்திருக்கிறது.

எனக்கு அவரை நம்பத் தோன்றியது. மூடியில் பஞ்சு திணித்துச் சுமக்கிற ஒருவர் அந்த மாத்திரையை அலட்சியமாக வைத்திருக்கிறார் என்று எப்படி நினைப்பது? "பையில வேற என்ன மாத்திரை வச்சிருக்கீங்க, எல்லாத்தையும் எடுங்க" என்றேன். எடுத்தார். மாநகராட்சி சுகாதார நிலையத்தில் ரத்தசோகைக்குக் கொடுத்த இரும்புச்சத்து மாத்திரை. முழங்கால் வலிக்குப் பார்த்த எலும்பு டாக்டர் எழுதிக் கொடுத்த கால்சியம். வேலை செய்யும் தெருவில் பெட்டிக்கடையில் வாங்கிய ஜெலுசில். கூடவே அந்த வெள்ளை டப்பா. நாலு இடத்தில் வாங்கியது. நாலையும் ஒன்றாகப் பார்த்த ஆள் அதுவரை ஒருவரும் இல்லை.

எப்போது சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டேன். "எல்லாத்தையும் ஒண்ணாத்தான். சாப்ட்டு, எல்லாரும் படுத்தப்புறம், பதினோரு மணிக்கு மேல. நெஞ்சும் அப்பதான் எரியும்." ஏன் ஒன்றாக என்று கேட்டதற்கு அவர் சொன்ன பதில் என்னை உலுக்கிவிட்டது. "நாலோட நாலா உள்ளங்கையில இருந்தா யாரும் கேக்க மாட்டாங்க. பேத்தி ஒரு நாள் பாத்துட்டு என்ன ஆயா அதுன்னா. சத்து மாத்திரைடீன்னேன். கால்சியம் இருந்ததால தப்பிச்சேன்."

அதுவரை நான் இதை அறிவுக் குறை என்றே எண்ணிக்கொண்டிருந்தேன். யாராவது விளக்கிச் சொன்னால் தீர்ந்துவிடும் என்பது என் எண்ணம். இங்கே நடந்தது வேறு. ஏ.ஆர்.டி. மாத்திரையை மறைப்பதற்காகவே அக்கா மற்ற மூன்றையும் கூட வைத்து விழுங்கியிருக்கிறார். எந்த மூன்றோடு அது அப்படிச் சேரக் கூடாதோ அந்த மூன்றோடு. பயம்தான் அந்த நாலையும் ஒரே உள்ளங்கையில் கொண்டுவந்து சேர்த்தது.

குடலுக்குள் நடப்பது

இன்றைக்கு அரசு மையங்களில் பெரும்பாலானவர்களுக்குக் கிடைப்பது மூன்று மருந்து சேர்ந்த ஒரே மாத்திரை. டெனோஃபோவிர் 300 மி.கி., லாமிவுடின் 300 மி.கி., டோலுடெக்ராவிர் 50 மி.கி. சுருக்கமாக டி.எல்.டி. மூன்றாவதாகச் சொன்ன டோலுடெக்ராவிர்தான் இதில் பெரிய பலம். வைரஸ் தன் மரபுப் பொருளை நம் செல்லின் மரபுப் பொருளுக்குள் செருகுவதற்கு இன்டெக்ரேஸ் என்ற நொதி வேண்டும். அந்த நொதியின் மையத்தில் மக்னீசியம் அயனிகள் உட்கார்ந்திருக்கும். டோலுடெக்ராவிர் போய் அந்த மக்னீசியத்தை நண்டு கொடுக்கு மாதிரி கவ்விக்கொள்ளும், நொதி செயலிழந்துவிடும்.

கொடுக்குக்கு ஆள் அடையாளம் தெரியாது. குடலில் அலுமினியமோ மக்னீசியமோ இரும்போ கால்சியமோ எதிர்ப்பட்டால் அங்கேயே அதைக் கவ்விக்கொண்டு நின்றுவிடும். அப்படிச் சேர்ந்த கலவை ரத்தத்துக்குள் போகாது, மலத்தோடு வெளியேறிவிடும். அலுமினியமும் மக்னீசியமும் உள்ள அமில முறிவு மருந்தை டோலுடெக்ராவிரோடு சேர்த்துக் கொடுத்துப் பார்த்த ஆய்வில், ரத்தத்தில் சேர வேண்டிய மருந்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு குறைந்துபோனது. வெறும் வயிற்றில் சேர்த்துக் கொடுத்தபோது இரும்பு 54 சதவீதமும் கால்சியம் 39 சதவீதமும் குறைத்தன. சாப்பாட்டோடு சேர்த்துக் கொடுத்தால் இந்த இரண்டும் தொந்தரவு செய்வதில்லை. அமில முறிவுக்கு அந்தச் சலுகை கிடையாது. அக்கா சாப்பிட்டு நேரம் கழித்து, ஜெலுசிலோடு, எல்லாவற்றையும் ஒரே மடக்கில் விழுங்கிக்கொண்டிருந்தார். ஜெலுசில், டைஜீன் இரண்டிலுமே அலுமினியமும் மக்னீசியமும் இருக்கின்றன.

தீர்வு ரொம்பச் சின்னது. டி.எல்.டி. மாத்திரையைப் போட்டு குறைந்தது 2 மணி நேரம் கழித்து ஜெலுசில் சாப்பிடலாம். ஜெலுசிலை முதலில் சாப்பிட்டுவிட்டால் டி.எல்.டி.க்கு 6 மணி நேரம் காத்திருக்க வேண்டும். இரும்புக்கும் கால்சியத்துக்கும் இதே இடைவெளி போதும், அல்லது சாப்பாட்டோடு சேர்த்துப் போட்டுக்கொள்ளலாம். நெஞ்செரிச்சல் விடாமல் இருந்தால் டாக்டரிடம் சொல்லி பேன்டோபிரசோல் மாதிரி வேறு வகை மாத்திரைக்கு மாறலாம், டோலுடெக்ராவிரோடு அவற்றுக்குச் சண்டை இல்லை.

ஒரு துண்டுக் காகிதத்தில் மூன்று மருந்தின் பெயரையும் அவற்றைச் சாப்பிடும் நேரத்தையும் எழுதிக் கொடுத்தேன். நோயின் பெயர் எதுவும் அதில் இல்லை. "இத அங்க டாக்டர்கிட்ட காட்டுங்கக்கா, நீங்க எதுவும் விளக்க வேணாம்" என்றேன். அடுத்த முறை போனபோது காட்டியிருக்கிறார். டாக்டர் படித்துவிட்டு ஜெலுசிலை நிறுத்தச் சொல்லி, கால்சியத்தையும் இரும்பையும் மதியச் சாப்பாட்டுக்குத் தள்ளியிருக்கிறார். ஏ.ஆர்.டி. மாத்திரையைக் காலையில் போட்டுக்கொள்ள அக்காவே வழி கண்டுபிடித்தார். விடியற்காலை மெட்ரோ வாட்டர் லாரி வரும்போது வீட்டில் விழித்திருப்பவர் அவர் ஒருவர்தான். குடத்தை வரிசையில் போட்டுவிட்டு வந்து, முதல் டம்ளர் தண்ணீரோடு மாத்திரை. மறு பரிசோதனையில் வைரல் லோடு கண்டறிய முடியாத அளவுக்கு இறங்கியிருந்தது. முழுக்க முழுக்க ஜெலுசிலும் கூட்டாளிகளும்தான் காரணம் என்று ஒருவரை வைத்து நான் அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அவர் மாத்திரையை விட்டதே இல்லை என்பதை நான் நம்புகிறேன்.

மறைக்க முடிந்த காலம்

2004 ஏப்ரலில் அரசு இலவசமாகக் கூட்டு மருந்து கொடுக்கத் தொடங்கியபோது அதில் ஸ்டாவுடின் இருந்தது. உயிரைக் காப்பாற்றிய மருந்துதான், ஆனால் கன்னத்துச் சதையையும் கை கால் சதையையும் உருக்கிவிடும், பாதத்தில் எரிச்சலும் மரத்துப்போதலும் வரும். கன்னம் ஒட்டிய முகத்தைப் பார்த்தே தெருவில் ஊகித்துவிடுவார்கள் என்று பழைய ஆட்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். 2009இல் உலக சுகாதார நிறுவனம் அதைக் கைவிடச் சொன்னது. பிறகு வந்த எஃபாவிரென்ஸ் தலைசுற்றலும் கெட்ட கனவும் கொடுத்தது. இப்போதைய மாத்திரை வெளியே எந்த அடையாளத்தையும் காட்டுவதில்லை. சிலருக்கு எடை கூடுகிறது, சிலருக்குத் தூக்கம் குறைகிறது, அவ்வளவுதான். அந்த முகம் போனது எவ்வளவு பெரிய விடுதலை என்று அதைச் சுமந்தவர்களுக்குத்தான் தெரியும்.

முகம் காட்டிக் கொடுக்காததால் இப்போது ஒருவர் முழுக்க மறைத்து வாழ முடிகிறது. மறைக்க நினைப்பதை நான் குறை சொல்லவே மாட்டேன். ஒரே சுவர் இரண்டு வீட்டுக்குப் பொதுவாக இருக்கிற தெருக்களில் வாடகை வீடும், பெண்ணின் கல்யாணமும், வேலையும் இதைப் பொறுத்திருக்கிறது. எச்.ஐ.வி. பற்றிய 2017ஆம் வருஷத்துச் சட்டமும் ஒருவரின் நிலையை அவர் சம்மதமில்லாமல் வெளியிடக் கூடாது என்றே சொல்கிறது. என் கவலை எல்லாம், அந்த மறைவு எலும்பு டாக்டரிடமும் சர்க்கரை டாக்டரிடமும் மெடிக்கலிலும் கூடவே வந்து நிற்பதுதான்.

சர்க்கரைக்கு வருவோம். 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை, பிரஷர் மாத்திரை வீடு தேடி வருகிறது. நல்ல திட்டம், எங்கள் தெருவில் எத்தனையோ வயதானவர்கள் அதனால்தான் மாத்திரை விடாமல் சாப்பிடுகிறார்கள். ஆனால் கொண்டுவந்து கொடுப்பவருக்கு அந்த வீட்டில் ஒருவர் டோலுடெக்ராவிர் சாப்பிடுவது தெரிய வழியில்லை. சர்க்கரைக்குக் கொடுக்கும் மெட்ஃபார்மின் உடம்பை விட்டு வெளியேறுவதை டோலுடெக்ராவிர் தடுத்து ரத்தத்தில் அதன் அளவைக் கூட்டும். அதனால் இரண்டும் சேரும்போது மெட்ஃபார்மினை ஒரு நாளைக்கு 1000 மி.கி.க்குள் வைத்துக்கொள்ளச் சொல்வார்கள்.

காசநோய் இன்னும் முக்கியம். இங்கே நெருக்கமான வீடுகளில் அது இன்னும் விட்டுப்போகவில்லை, எச்.ஐ.வி. உள்ளவர்களை அது முதலில் பிடிக்கும். காசநோய்க்குக் கொடுக்கும் ரிஃபாம்பிசின் கல்லீரலை முடுக்கிவிட்டு டோலுடெக்ராவிரைச் சீக்கிரம் கரைத்துவிடும். அதனால் 12 மணி நேரம் கழித்து டோலுடெக்ராவிர் 50 மி.கி. தனியாக இன்னொன்று போட வேண்டும். காசநோய் மருந்தை ஒரு இடத்திலும் ஏ.ஆர்.டி.யை வேறு இடத்திலும் வாங்கிக்கொண்டு, ஒன்றை இன்னொன்றிடம் சொல்லாமல் இருந்தால் அந்த இரண்டாவது மாத்திரை கிடைக்கவே கிடைக்காது. வலிப்புக்குச் சாப்பிடும் ஃபெனிடாய்ன், கார்பமாசிபின் இரண்டிலும் இதே சிக்கல் உண்டு.

வலி மாத்திரை பற்றித்தான் எனக்குக் கோபமே வருகிறது. துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர்களும் காசிமேட்டில் ஐஸ் பெட்டி சுமக்கிறவர்களும் டைக்ளோஃபெனாக்கை மிட்டாய் போல வாங்கிப் போகிறார்கள், கேட்டதும் எடுத்துக் கொடுக்கிற கடைகளும் இருக்கின்றன. டெனோஃபோவிர் சிலருக்குச் சிறுநீரகத்தைப் பாதிக்கும். அதன்மேல் தினமும் வலி மாத்திரையும் சேர்ந்தால் ஆபத்து கூடும். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் பரிசோதனையை மையத்தில் கேட்டுச் செய்துகொள்ள வேண்டும். டோலுடெக்ராவிர் கிரியேட்டினினைக் கொஞ்சம் கூட்டிக் காட்டும், அது மட்டும் என்றால் சிறுநீரகக் கோளாறு ஆகாது. எது எது என்று பிரித்துச் சொல்ல வேண்டியவர் டாக்டர், அவருக்கு டைக்ளோஃபெனாக் விஷயம் தெரிந்தால்தானே முடியும்.

நாட்டு மருந்து சாப்பிடுகிறவர்களிடம் அதை விட்டுவிடுங்கள் என்று நான் சொல்வதில்லை. சொன்னால் அடுத்த முறை மறைப்பார்கள். அயச் செந்தூரம் இரும்பிலிருந்து செய்வது, சங்கு பற்பம் சங்கின் சுண்ணாம்பு. அதனால் கால்சியத்துக்குச் சொல்கிற இடைவெளியையே இதற்கும் வையுங்கள், பொட்டலத்தை அப்படியே ஏ.ஆர்.டி. டாக்டரிடம் காட்டுங்கள் என்பேன். இரண்டாம் கட்ட மருந்தில், அதாவது ரிட்டோனவிர் சேர்ந்த மாத்திரையில் இருப்பவர்கள் இன்னும் உஷாராக இருக்க வேண்டும். ஒற்றைத் தலைவலிக்கு விற்கும் எர்கோட்டமின் அதோடு சேர்ந்தால் ரத்தக் குழாய் சுருங்கி விரல் அழுகிப்போகும் அளவுக்குப் போகலாம்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். இதையெல்லாம் படித்துப் பயந்து யாரும் கூட்டு மருந்தை நிறுத்திவிடக் கூடாது. ஹெபடைட்டிஸ் பி கூட இருப்பவர்களுக்கு டெனோஃபோவிரும் லாமிவுடினும் கல்லீரலையும் சேர்த்தே காத்துக்கொண்டிருக்கின்றன, திடீரென்று நிறுத்தினால் கல்லீரல் மோசமாக வீங்கிவிடும். ஒரு வேளை மறந்துபோனால் ஞாபகம் வந்ததும் ஒன்று போடுங்கள், அடுத்த வேளைக்கு இரண்டாகச் சேர்த்து விழுங்க வேண்டாம். டப்பாவையும் மாற்றாதீர்கள். அந்த மாத்திரைக்கு ஈரம் ஆகாது, உள்ளே இருக்கும் சின்ன உருளையோ பொட்டலமோ ஈரத்தை இழுக்கத்தான். லேபிளைச் சுரண்டுங்கள், பஞ்சை வையுங்கள், மூடியை மட்டும் இறுக்கி மூடுங்கள்.

எல்லாருக்கும் ஒரே வாக்கியம்

அக்கா வந்து போன பிறகு கடையில் ஒரு பழக்கத்தைத் தொடங்கினேன். ஜெலுசில், கால்சியம், இரும்பு, இந்த மூன்றில் எதை யார் வாங்கினாலும், பள்ளிக்கூடப் பையனுக்கென்றாலும் கர்ப்பிணிக்கென்றாலும், ஒரே வாக்கியம்தான்: "வேற மாத்திரை தினமும் போடுறவங்களா இருந்தா இத அதோட சேத்துப் போடாதீங்க. அத முதல்ல போட்டு, ரெண்டு மணி நேரம் கழிச்சு (தைராய்டு மாத்திரைன்னா நாலு மணி நேரம் கழிச்சு) இத எடுங்க. இத முதல்ல எடுத்துட்டா ஆறு மணி நேரம் விடுங்க." யாரிடமும் என்ன நோய் என்று கேட்பதில்லை. கேட்டால் அடுத்த முறை வேறு கடைக்குப் போய்விடுவார்கள், அதைச் சொல்லச் சொல்லிக் கட்டாயப்படுத்தச் சட்டப்படியும் மனசாட்சிப்படியும் எனக்கு உரிமை இல்லை. எல்லாருக்கும் சொல்வதால் யாரும் தன்னைக் குறிவைத்துச் சொல்வதாக நினைப்பதில்லை. தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும், சிப்ரோஃப்ளாக்சசின் மாதிரி ஆன்டிபயாடிக் சாப்பிடுகிறவர்களுக்கும் இந்த இடைவெளி தேவைதான் என்பதால் வீண் பேச்சும் இல்லை.

கூட வேலை செய்யும் தம்பி முதலில் தயங்கினான். கூட்டம் நிற்கும்போது ஒவ்வொருவருக்கும் இதைச் சொல்லிக்கொண்டிருக்க முடியுமா என்று கேட்டான். அவன் கேட்டது நியாயம்தான், சாயங்காலம் ஏழு மணிக்கு எங்கள் கடையில் கால் வைக்க இடமிருக்காது. அதனால் மாத்திரை போட்டுக் கொடுக்கும் காகிதக் கவரிலேயே அந்த வாக்கியத்தை ரப்பர் ஸ்டாம்பாகக் குத்திக்கொடுக்கிறோம். படிக்கத் தெரியாதவர்களுக்கு மட்டும் வாயால் சொல்கிறோம். இன்னும் சில மெடிக்கல்களில் இதைச் செய்யச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஸ்டாம்ப் வாசகம் வேண்டும் என்கிற மருந்தாளுநர்கள் மேலே இருப்பதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

ஏ.ஆர்.டி. சாப்பிடுகிறவர் யாராவது இதைப் படித்துக்கொண்டிருந்தால், அடுத்த முறை மையத்துக்குப் போகும்போது வீட்டில் இருக்கிற எல்லா அட்டை, டப்பா, பொட்டலத்தையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு போங்கள். சத்து மாத்திரை, நாட்டு மருந்து, பெட்டிக்கடையில் வாங்கியது, எல்லாம். வாயால் எதுவும் சொல்ல வேண்டாம், மேசைமேல் கொட்டினால் போதும். மையத்துக்குப் போகும் நாள் தள்ளி இருந்தால் 1097க்கு போன் செய்து கேட்கலாம். அது தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பின் இலவச எண்.